எம்எக்ஸ்-5-க்கு 2.5 லிட்டர் எஞ்சினாம்: சங்கா, சங்கதியா?

வாசகர் கேள்வி, ஜனவரி 9

மஸ்டாவின் இரண்டு இருக்கை, திறந்த கூரை ஸ்போர்ட்ஸ் காரான எம்எக்ஸ்-5-இன் அடுத்த தலைமுறையில் 2.5 லிட்டர் எஞ்சின் வரப்போகிறது என்று வதந்தி. எடை ஆயிரம் கிலோவை ஒட்டி, நீளம் 3.9 மீட்டருக்குள் என்றும் சேர்த்துச் சொல்கிறார்கள். பெரிய எஞ்சினும் சின்ன உடம்பும் ஒன்றாக எப்படி வரும்? இலேசான கார் என்ற ஒரே பெயரை வைத்துக்கொண்டு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த வண்டிக்குச் சங்கு ஊதிவிட்டார்கள் என்கிறேன். நீங்கள் பழைய எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர் ஆயிற்றே, என்ன சொல்கிறீர்கள் அண்ணா?

ஜனவரி 9, இரவு 11 மணி

சங்குதான் தம்பி, சந்தேகமே வேண்டாம். 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் முதல் எம்எக்ஸ்-5 வெளிவந்தபோது அதில் இருந்தது 1.6 லிட்டர் எஞ்சின். ஜப்பானில் விற்ற வண்டிக்கு 940 கிலோ எடை, 120 குதிரைத்திறன். பிறகு 1.8 வந்தது, 2.0 வந்தது, இப்போது 2.5. இப்படியே போனால் என் பேரன் காலத்தில் லாரி எஞ்சினைத் தூக்கி வைப்பார்கள். தூக்கம் வருகிறது. மீதித் திட்டு நாளைக்கு.

ஜனவரி 10

நேற்று எழுதியதைக் காலையில் படித்தேன். பாதி அபத்தம். அழிக்காமல் விட்டுவைக்கிறேன், அவமானம் என்னோடு இருக்கட்டும்.

முதல் அபத்தம்: 1.6-இலிருந்து 2.5 வரை ஒரே ஏறுமுகம்போல எழுதியது. 2015-இல் விற்பனைக்கு வந்த நான்காம் தலைமுறை, அதாவது என்டி, ஜப்பானில் 1.5 லிட்டர் எஞ்சினோடுதான் வந்தது. முதல் வண்டியைவிடச் சின்ன எஞ்சின். அங்கே துணிக்கூரை வண்டிக்கு 2.0 கிடைக்காமல் எத்தனை ஆண்டுகள் ஏங்கினார்கள் என்பது தனிக் கதை.

இரண்டாவது அபத்தம்: லிட்டர் கூடினால் கிலோ கூடும் என்று எடுத்துக்கொண்டது. லிட்டர் என்பது சிலிண்டருக்குள் இருக்கும் வெற்றிடத்தின் அளவு. வெற்றிடத்துக்கு எடை கிடையாது. அதைச் சுற்றியிருக்கும் அலுமினியத்துக்குத்தான் எடை. மஸ்டாவின் இப்போதைய 2.0 எஞ்சினும் 2.5 எஞ்சினும் நான்கு சிலிண்டர்கள் கொண்ட ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். 2.5 கொஞ்சம் உயரம், கொஞ்சம் கனம். எடைக்காக மட்டும் சங்கு ஊதும் அளவுக்கு அந்த வித்தியாசம் பெரிதில்லை.

ஜனவரி 10, பிற்பகல்

அப்படியானால் 2.5 எதற்கு என்று கேட்டிருக்கிறார் இன்னொருவர். நல்ல கேள்வி. நான் நேற்று இரவு கேட்டிருக்க வேண்டியது.

பெட்ரோல் முழுமையாக எரிய, எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். இந்தச் சரியான கலவைக்கு லாம்டா 1 என்று பெயர். சாதாரணமாக ஓட்டும்போது பெரும்பாலான பெட்ரோல் எஞ்சின்கள் இதை ஒட்டித்தான் எரிக்கின்றன. ஆனால் ஆக்ஸிலரேட்டரை முழுவதுமாக அழுத்தி, மேல் சுற்றுகளில் விரட்டும்போது புகைபோக்கிப் பக்கம் சூடு தாங்காது. அந்தச் சூட்டைத் தணிக்கப் பல எஞ்சின்கள் தேவைக்கு மேல் பெட்ரோலைத் தெளிக்கும். எரிபொருளே குளிர்நீர் வேலையும் பார்க்கும். எரியாத மிச்சம் கார்பன் மோனாக்சைடாக வெளியே போகும். ஐரோப்பாவின் யூரோ 7 விதிகள் 2026 நவம்பர் 29 முதல் புதிய வகைக் கார்களுக்குப் பொருந்தும். இந்த வழியில் திறனைக் கறக்கும் காலம் முடிகிறது.

எந்தச் சுற்றிலும் எந்தச் சுமையிலும் லாம்டா 1-ஐ விட்டு விலகாமல் எரிப்பதுதான் மஸ்டா 2024 நவம்பரில் அறிவித்த ஸ்கைஆக்டிவ்-இசட் எஞ்சினின் அடிப்படை. முதலில் சிஎக்ஸ்-5 என்ற எஸ்யூவிக்கு என்று சொன்னார்கள், 2027-இல். கூடுதல் பெட்ரோல் இல்லை என்றால் லிட்டருக்கு இத்தனை குதிரை என்ற கணக்கு குறையும். அதை ஈடுகட்ட லிட்டரைக் கூட்ட வேண்டும். ஆக 2.5 என்ற எண்ணைக் கொழுப்பு என்று பார்க்காதீர்கள். விதி பிடுங்கிக்கொண்டதைக் கொள்ளளவில் திருப்பி எடுக்கிறார்கள். திறன் ஜப்பான் கணக்கில் இன்றைய 184 குதிரையை ஒட்டியே நின்றாலும் எனக்கு வியப்பு இருக்காது.

ஜனவரி 10, பிற்பகல், பத்து நிமிடம் கழித்து

வதந்தியின் இன்னொரு பாதியை யாரும் அளந்து பார்க்கவில்லை போலும். 3.9 மீட்டருக்குள் சுருக்கப்போகிறார்கள் என்று கைதட்டுகிறீர்கள். இப்போதைய என்டியின் நீளம் 3,915 மில்லிமீட்டர். 15 மில்லிமீட்டருக்கு, அதாவது ஒரு விரல் அகலத்துக்கு, இத்தனை கைதட்டல்.

ஜனவரி 12

நேற்று முழுவதும் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தேன். என் கவலை இடம் மாறியிருக்கிறது. எடையை விட்டுவிட்டேன், இப்போது ஸ்ட்ரோக் உறுத்துகிறது.

மஸ்டாவின் இன்றைய 2.0 எஞ்சினில் சிலிண்டர் விட்டம் 83.5 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் ஸ்ட்ரோக் 91.2. இன்றைய 2.5-இல் விட்டம் 89, ஸ்ட்ரோக் சரியாக 100. ஒரு சுற்றுக்குள் பிஸ்டன் ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்குகிறது. நிமிடத்துக்கு 7,500 சுற்று என்றால் நொடிக்கு 125. அப்போது 2.0-இன் பிஸ்டன் சராசரியாக நொடிக்கு 22.8 மீட்டர் ஓடுகிறது. அதே சுற்றில் 2.5-இன் பிஸ்டன் ஓட வேண்டியது 25 மீட்டர். தினமும் வேலைக்குப் போய்வரும் காரில் 25 மீட்டர் கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம். 22.8-இலேயே நிறுத்துவதானால் 2.5 எஞ்சின் 6,840 சுற்றில் மூச்சு வாங்கிவிடும்.

இது எவ்வளவு பெரிய இழப்பு என்று தெரிய 2018-க்குப் போக வேண்டும். என்டியின் 2.0 முதலில் 6,800 சுற்றோடு நின்றது. அமெரிக்கக் கணக்கில் 155 குதிரைத்திறன். 2018-இல் அதைத் திருத்தினார்கள். ஒவ்வொரு பிஸ்டனிலும் 27 கிராம் குறைத்தார்கள், பிஸ்டனைச் சுழல்தண்டோடு இணைக்கும் ஒவ்வொரு கனெக்டிங் ராடிலும் 41 கிராம். எல்லை 7,500-க்கு உயர்ந்தது, திறன் 181 ஆனது. எஞ்சின் அளவு அப்படியே இரண்டு லிட்டர்தான். நகை ஆசாரிபோல் கிராம் கிராமாகச் செதுக்கி வாங்கிய 700 சுற்று அது. அதைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

அதனால் வதந்தியில் லிட்டரைப் பார்க்காதீர்கள், ஸ்ட்ரோக்கைப் பாருங்கள். இதற்கு வேறு வீட்டில் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. டொயோட்டா 86-உம் சுபாரு பிஆர்இசட்-உம் 2012-இல் 2.0 லிட்டரோடு வந்தன. வந்த நாளிலிருந்து ரசிகர்கள் டர்போ, டர்போ என்று உருப்போட்டார்கள். ஆண்டுதோறும் ஒரு டர்போ வதந்தி. 2021-இல் வந்தது டர்போ இல்லாத 2.4. பழைய எஞ்சினில் விட்டம் 86, ஸ்ட்ரோக் 86. புதியதில் விட்டத்தை 94-க்கு அகட்டினார்கள், ஸ்ட்ரோக்கைத் தொடவே இல்லை. அதனால் சுற்றும் குறையவில்லை. நடுச் சுற்றில் பழையது தூங்கிவழிந்த இடமும் நிரம்பிவிட்டது. முணுமுணுத்தவர்கள் ஓட்டிப் பார்த்துவிட்டு அமைதியானார்கள்.

மஸ்டாவும் அப்படிச் செய்தால் இந்த இழையின் தலைப்பில் இருக்கும் சங்கை நானே எடுத்துவிடுகிறேன்.

ஜனவரி 13

"7,500 சுற்றுக்கு யார் போகிறார்கள், எல்லாம் காகிதப் பெருமை" என்று எழுதியவருக்கு:

என்னிடம் இருப்பது இரண்டாம் தலைமுறை, என்பி. பழைய வண்டியாக வாங்கிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. 1.8 லிட்டர், ஐந்து கியர், ஸ்ட்ரோக் 85 மில்லிமீட்டர். 3,000 சுற்றில் அது ஒரு சாதாரண குடும்பக் கார். 4,500-க்கு மேல் குரல் மாறும். 6,000-க்கும் 7,000-க்கும் நடுவே முன்னால் ஏதோ இறுகுவதுபோல் இருக்கும், கியர் பிடியின் உலோகத் தலையில் மெல்லிய அதிர்வு உள்ளங்கைக்கு வரும். வேகம் என்று பார்த்தால் ஒன்றுமில்லை. பக்கத்தில் ஒரு டீசல் வேன் என்னை முந்திக்கொண்டு போகலாம். சட்டத்துக்குள் இருந்துகொண்டே எஞ்சினை முழுவதுமாகப் பிழிய முடிவதில்தான் சுகம். 500 குதிரைத்திறன் கார் வைத்திருப்பவரால் இரண்டாவது கியரின் முடிவைக்கூட அபராதம் கட்டாமல் பார்க்க முடியாது.

என் மகள் ஆட்டோமேட்டிக்கில் ஓட்டிப் பழகியவள். போன ஆண்டு, கியர் மாற்றக் கற்றுத் தா என்று அவளே வந்தாள். வெறிச்சோடிய ஒரு மைதானம். மூன்று முறை எஞ்சின் அணைந்தது. நான்காம் முறை கிளட்ச்சை விட்ட விதம் அழகாக இருந்தது. இரண்டாவது கியரில் சுற்று ஏற ஏற, முள் 6,000-ஐத் தொட்டதும் காலை எடுத்துவிட்டாள்.

"அப்பா, இது கத்துகிறது."

"கத்தவில்லை, பாடுகிறது."

"எதற்கும் டாக்டரிடம் காட்டுங்கள்."

வண்டியைச் சொன்னாளா, என்னைச் சொன்னாளா என்று இன்றுவரை கேட்கவில்லை.

ஜனவரி 16

சங்கு ஊதுவது நமக்குப் புதிதில்லை என்று நினைவூட்டிய பெரியவருக்கு நன்றி. அவர் சொன்ன வரிசையை என் நினைவிலிருந்து நிரப்புகிறேன்.

முதல் தலைமுறைக்கு எழும்பி மடங்கும் முகப்பு விளக்குகள் இருந்தன. விளக்கைப் போட்டால் தவளை கண் விழித்ததுபோல் இருக்கும். 1998-இல் என்பி வந்தபோது அவை போய், நிலையான விளக்குகள் வந்தன. கண்ணைப் பிடுங்கிவிட்டார்கள் என்று ஓலம். விளக்கைத் தூக்கும் மோட்டாரும் கீல்களும் வண்டியின் மூக்கு நுனியில் உட்கார்ந்திருந்த வீண் எடை என்பதை அன்று யாரும் காதில் வாங்கவில்லை. அதே மாற்றத்தில் பின்புற பிளாஸ்டிக் சன்னலுக்குப் பதில் கண்ணாடி வந்ததே, அதற்கு ஒரு நன்றிகூட இல்லை. பழைய பிளாஸ்டிக் சன்னல் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும்: கூரையை மடக்கும் முன் ஜிப்பைத் திறந்து சன்னலைத் தட்டையாகப் படுக்கவைக்க வேண்டும். சோம்பல்பட்டு அப்படியே மடக்கினால் குறுக்கே ஒரு மடிப்பு விழும். மடிப்பு வெளுக்கும். இரண்டு குளிர்காலத்தில் அங்கேயே கிழியும்.

2005-இல் மூன்றாம் தலைமுறை, என்சி. ஊதிவிட்டது, மஸ்டாவின் இன்னொரு ஸ்போர்ட்ஸ் காரான ஆர்எக்ஸ்-8-இன் மிச்சத்தில் செய்தது என்றார்கள். 2008 திருத்தத்தில் முன்பக்கம் சிரித்தமுகமாகிவிட்டது என்று கேலி. அதற்கு முன்பே, 2006-இல், மின்சாரத்தில் மடங்கும் கடினக் கூரை: கிழவர்கள் கார் ஆகிவிட்டது என்று புலம்பல். இப்போது கண்ணாடியில் பார்த்தால் அந்தக் கிழவர் நான்தான்.

2014 செப்டம்பரில் என்டியைக் காட்டினார்கள். அன்று நான் எழுதிய வாசகம் இன்னும் என் பழைய குறிப்பேட்டில் இருக்கிறது: "மின்சார ஸ்டீயரிங். இனி இது ஒரு விளையாட்டுப் பொம்மை." கீழே இரண்டு கோடு வேறு போட்டிருக்கிறேன்.

அலுவலக நண்பர் ஒருவர் என்டி வாங்கினார். நான்கு ஆண்டுகள் அதை ஓட்ட மறுத்தேன், கொள்கைப் பிடிப்பு. பிறகு ஒருநாள் அவர் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். மழை பெய்து ஓய்ந்திருந்த சாலை. முதல் பத்து நிமிடம் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டே ஓட்டினேன்: ஸ்டீயரிங் இலேசு, வளைவில் உடம்பு சாய்கிறது, முன்சக்கரம் பேசுவதில்லை. அப்புறம் தொடர்ச்சியாக ஏழெட்டு வளைவுகள். மூன்றாவது வளைவில் ஈரமான இலைக் குப்பைமேல் முன்சக்கரம் ஏறியபோது ஸ்டீயரிங்கின் எடை ஒரு கணம் தளர்ந்து மறுபடி இறுகியது. பேசாது என்று நான் சத்தியம் செய்த சக்கரம் பேசிவிட்டது. நாற்பது நிமிடம் கழித்துத்தான், குறை சொல்ல மறந்துபோனது உறைத்தது.

எப்படி இருக்கிறது என்று நண்பர் கேட்டார். பரவாயில்லை என்றேன். அற்பத்தனம்தான், வேறென்ன. மாலையில் என் வண்டியில் ஏறி ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ஆட்டுக்கல்லைச் சுற்றுவதுபோல் இருந்தது.

ஜனவரி 17

என்சி வைத்திருக்கும் மூவர் என்மேல் பாய்ந்திருக்கிறார்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன்: மற்றவர்கள் சொன்னதாக எழுதி நானும் அதற்குள் ஒளிந்துகொண்டேன். என்சி உண்மையில் அவ்வளவு ஊதவில்லை. பாதுகாப்பு விதிகள் கூடிய காலத்தில், பெரிய எஞ்சினும் கூடுதல் காற்றுப்பைகளும் கேட்ட காலத்தில், ஜப்பானில் அது 1,100 கிலோவுக்குள் நின்றது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் கிராம் உத்தி. ஒவ்வொரு பொருளிலும் கிராம் கணக்கில் சுரண்டுவது. உள்ளே இருக்கும் பின்நோக்கும் கண்ணாடியில் மட்டும் 84 கிராம் குறைத்தார்கள்.

இதைப் படித்த வேகத்தில் நானும் எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறினேன். வண்டி வாங்கிய ஆண்டைவிட ஒன்பது கிலோ கூடுதல். 84 கிராம் வீதம் நூற்றேழு கண்ணாடிகள். மஸ்டா பொறியாளர்கள் என்னை மன்னிப்பார்களாக.

ஜனவரி 21

வதந்தியைக் கொஞ்சம் ஒதுக்கிவைக்கிறேன், வீட்டில் அவசரம். இருக்கைக்குப் பின்னால் கம்பளம் ஈரம். கையை வைத்தால் பிழியலாம்.

தவறு என்னுடையது. முதல் இரண்டு தலைமுறைகளில் கூரைத்துணி உடம்போடு சேரும் இடத்தில், இருக்கைகளுக்குப் பின்னால், ஒரு வாய்க்கால் ஓடுகிறது. கூரையில் விழும் மழைநீர் அதில் இறங்கி, இடமும் வலமும் இருக்கும் இரண்டு குழாய்கள் வழியாகப் பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் போய்ச் சேரும். மரத்தடியில் நிறுத்திவிட்டு ஓர் ஆண்டு எட்டிப் பார்க்காமல் இருந்தால் இலைத் துணுக்கும் தூசியும் சேர்ந்து குழாய் வாயை அடைத்துக்கொள்ளும். அப்புறம் தண்ணீர் காருக்குள்தான் வழி தேடும். நாற்றத்தோடு போனால் பரவாயில்லை. கதவுக்குக் கீழே இருக்கும் பெட்டிச் சட்டத்துக்குள் நீர் நின்றால் உள்ளிருந்து துரு பிடிக்கும். வெளியே குமிழி தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். வளையக்கூடிய ஏதாவது ஒன்றை மெதுவாகச் செலுத்திக் குழாயைச் சுத்தம் செய்யலாம். காற்றழுத்தக் குழலை மட்டும் வைக்காதீர்கள், உள்ளே இணைப்பு கழன்றால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். இடப்பக்கக் குழாயிலிருந்து நான் எடுத்தது: ஒரு கைப்பிடி கறுப்புச் சேறு, இரண்டு விதைகள், ஒன்று முளைவிட்டிருந்தது.

ஜனவரி 22

முளைவிட்ட விதையைத் தொட்டியில் நட்டேனா என்று நான்கு பேர் கேட்டிருக்கிறார்கள். நட்டேன். எடை எத்தனை கிராம் என்று கேட்காதீர்கள்.

ஜனவரி 24

தலைப்புக்குத் திரும்புவோம். "2.5 எல்லாம் கதை, உண்மையில் ரோட்டரி எஞ்சின் வருகிறது" என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். பிஸ்டனுக்குப் பதில் முக்கோணச் சுழலி சுற்றும் எஞ்சின் அது. ஐயா, ரோட்டரி வருகிறது என்ற வதந்தி, பருவமழைபோல், வந்தாலும் செய்தி, வராவிட்டாலும் செய்தி. 2023 அக்டோபரில் டோக்கியோவில் மஸ்டா காட்டிய ஐகானிக் எஸ்பி மாதிரிதான் இந்த முறை அவரைக் கிளப்பிவிட்டது. அழகு, மறுக்கவில்லை. அதிலும் கண் எழும்பி மடங்குவதைப் பார்த்து எனக்கே தொண்டை அடைத்தது. ஆனால் அதில் இரட்டை ரோட்டரி, மின்சாரம் தயாரிக்கும் வேலையைத்தான் பார்க்கிறது. சக்கரத்தைச் சுழற்றுவது மோட்டார். திறன் 370 குதிரை, எடை 1,450 கிலோ. முதல் எம்எக்ஸ்-5-உம் அதற்கு மேல் பாதி எம்எக்ஸ்-5-உம் சேர்ந்த கனம். அது வரட்டும், வேறு பெயரில் வரட்டும்.

டர்போ வதந்திக்கும் இதே பதில். மஸ்டா தன் பெயரிலேயே டர்போ போட்டு விற்றது 2004-ஐ ஒட்டிய கொஞ்ச காலம், அதுவும் என்பியில். என்டியின் எலும்புக்கூட்டில் செய்து ஃபியட் தன் பெயரில் விற்ற 124 ஸ்பைடரில் 1.4 டர்போ இருந்தது. கீழ்ச் சுற்றில் நல்ல இழுப்பு. மேலே போனால் ஆள் இல்லை.

ஜனவரி 25

மேலே இருப்பதில் பருவமழை உவமை எடுபடவில்லை என்கிறாள் மகள். விட்டுவிடுங்கள்.

பிப்ரவரி 2

ஒரு வாரமாக ஒன்று மண்டையைக் குடைகிறது. நாம் வதந்தியில் பயப்படும் பொருள் ஒன்று, வண்டியை உண்மையில் மாற்றும் பொருள் வேறொன்று.

2023 அக்டோபரில் ஜப்பானில் என்டிக்கு ஒரு பெரிய திருத்தம் அறிவித்தார்கள். வெளியே பார்த்தால் புது விளக்குகள், உள்ளே 8.8 அங்குலத் திரை. அதற்கு முன் நாம் எதையெல்லாம் பற்றிச் சண்டை போட்டோம்? டர்போ, ஹைபிரிட், மின்சாரம். திருத்தத்துக்கான முக்கியக் காரணம் அவற்றில் எதுவும் இல்லை. காரின் மின்னணு அமைப்பை வெளியார் ஊடுருவக் கூடாது என்ற ஐ.நா. வாகன இணையப் பாதுகாப்பு விதி. அதற்கு இணங்க வண்டியின் மின்னணு நரம்பு மண்டலத்தையே மாற்ற வேண்டியிருந்தது. இதே விதியால் ஐரோப்பாவில் போர்ஷேயின் பெட்ரோல் 718-உம் பெட்ரோல் மக்கானும் கடையைக் கட்டின. எஞ்சினில் கோளாறு இல்லை, விற்பனை செத்துப்போகவும் இல்லை. பூட்டு பழையது, அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. எப்படியும் எல்லாவற்றையும் பிரித்தாயிற்று என்று பொறியாளர்கள் சந்தடி சாக்கில் தங்களுக்குப் பிடித்ததையும் உள்ளே நுழைத்தார்கள். ஸ்டீயரிங்கில் உராய்வைக் குறைத்தார்கள், மின்கட்டுப்பாட்டைத் திருத்தினார்கள். இரண்டு பின்சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரித்துக்கொடுக்கும் டிஃபரன்ஷியலில் வேகம் கூட்டும்போது ஒரு பிடிமானமும் குறைக்கும்போது வேறொரு பிடிமானமும் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. வளைவுக்குள் பிரேக் பிடித்துக்கொண்டே நுழையும்போது பின்பக்கம் நழுவப் பார்க்காமல் நிற்பதற்காக. ஒரு வதந்திகூட இதைச் சொல்லவில்லை. பரபரப்பு இல்லாத செய்தியை யார் பரப்புவார்கள்?

நண்பரின் பழைய என்டியில் ஸ்டீயரிங்கை மேலும் கீழும்தான் நகர்த்த முடியும். அவர் ஆறடிக்கு மேல், முழங்கால் இரண்டு பக்கமும் அகட்டித்தான் உட்காருவார். 2018 திருத்தத்தில் முன்னும் பின்னும் இழுக்கும் வசதி வந்தது. அந்த அறிவிப்பைப் படித்துவிட்டு அவர் சொன்னது 26 குதிரைத்திறன் கூடியதைப் பற்றி இல்லை: "முப்பது மில்லிமீட்டர் கொடுத்திருக்கிறார்கள்!"

பிப்ரவரி 3

கேட்ட தம்பி மறுபடி வந்து, "அப்படியானால் எடையைப் பற்றி இனி கவலையே வேண்டாமா?" என்கிறார். ஜனவரி 10-இல் நான் கொடுத்த தைரியத்தைப் பாதி திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

எஞ்சின் தனியாக வருவதில்லை. இழுவை கூடினால் கிளட்ச் பெரிதாகும், டிஃபரன்ஷியல் தடிக்கும், பிரேக் தட்டு அகலும், பிரேக்கை மூட சக்கரம் பெரிதாகும், அதைத் தாங்க சஸ்பென்ஷன் கனக்கும். கல்யாணத்துக்கு ஒருவரை அழைத்தால் குடும்பத்தோடு வந்து இறங்குவதுபோல. என்டியிலேயே பாருங்கள். 2021 இறுதியில் அறிவித்த 990எஸ் வண்டி, 1.5 எஞ்சினோடு, பெயரிலேயே இருப்பதுபோல் 990 கிலோ. அமெரிக்காவில் விற்கும் 2.0 துணிக்கூரை வண்டி 1,050 கிலோவைத் தாண்டும். எஞ்சின் மட்டும் அந்த வித்தியாசத்தை உண்டாக்கவில்லை. கூட வந்த உறவினர்களும் சேர்ந்துதான்.

2.5-ஐ வைத்து ஆயிரம் கிலோவில் நிறுத்த வேண்டுமானால் எஞ்சினைத் தவிர மற்ற எல்லாரையும் பட்டினி போட வேண்டும். முடியாது என்று சொல்ல மாட்டேன். கண்ணாடியில் 84 கிராம் சுரண்டியவர்கள்.

பிப்ரவரி 3, இரவு

குதிரைத்திறன் போதாது என்பவர்களுக்கு ஒரு புள்ளிவிவரம்: அதுவரை வந்த 5,31,890 வண்டிகளோடு, உலகிலேயே அதிகம் விற்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் என்று எம்எக்ஸ்-5-ஐ 2000-ஆம் ஆண்டில் கின்னஸ் பதிந்தது. பத்து லட்சமாவது வண்டி 2016 ஏப்ரலில் வெளிவந்தது. இவற்றில் ஒன்றுகூட 300 குதிரைத்திறனோடு ஆலையை விட்டு வரவில்லை.

பிப்ரவரி 8

புது வண்டியில் எனக்கு வேண்டியதைச் சொல்லச் சொன்னீர்கள். கையால் இழுக்கும் நிறுத்தப் பிரேக், இன்றைய என்டியில் இருப்பதுபோல். நடுவில் முள்ளோடு சுற்றுமானி. உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒற்றைக் கையால் பின்னால் தள்ளும் கூரை. சிக்னலில் பச்சை விழுமுன் திறந்து முடிக்க வேண்டும். மோட்டார் வைத்து நிமிடக் கணக்கில் நாட்டியம் ஆடக் கூடாது. கியர் பெட்டியையும் பின்புற டிஃபரன்ஷியலையும் இணைக்கும் அந்த நீண்ட அலுமினியச் சட்டம், 1989-இலிருந்து இருப்பது. கியர் மாற்றும்போது துப்பாக்கிக் குதிரை விழுவதுபோல் சுருக்கென்று விழுவதில் அதற்கும் பங்கு உண்டு. இவை இருந்தால் எஞ்சினில் 2.5 என்று எழுதியிருப்பதை ஒரு துணி போட்டு மூடிக்கொள்கிறேன்.

ஸ்ட்ரோக் 100 என்றால் மட்டும் மறுபடி இங்கே வந்து ஒப்பாரி வைப்பேன். அதற்கு இப்போதே இடம் பிடித்துவைக்கிறேன்.

பிப்ரவரி 9

திருத்தம். ஜனவரி 13-இல் என் கியர் பிடிக்கு உலோகத் தலை என்று எழுதியிருந்தேன். அது வண்டியோடு வந்ததில்லை, எனக்கு முன் வைத்திருந்தவர் மாற்றியது என்று என்பி வைத்திருக்கும் ஒருவர் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். இன்று கழற்றி எடை போட்டேன்: 212 கிராம். பதினோரு ஆண்டுகளாகச் சுமந்திருக்கிறேன். திரும்பவும் அதையே மாட்டிவிட்டேன்.